பழுப்பு

ஆள் பாதி ஆடை பாதி என்றால்
என் இரண்டாம் பாதி இருபத்தாறு வருடம்
ரீகா டிராம் கம்பெனியின் சொத்து.
கருநீலக் கால்சட்டை, கருநீல மேல்சட்டை,
கழுத்தில் முத்திரை போட்ட ஸ்கார்ஃப்.
வீட்டுக் கண்ணாடியைப் பார்த்துக் கிளம்பியதில்லை.
வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பேன்,
அதில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும்தான் இருப்பார்கள்.

நாற்பத்தொன்பதில் முதுகு மக்கர் செய்ய
கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள்.
"அங்கே சீருடை கிடையாது இங்குனா,
இஷ்டப்படி வரலாம்" என்றார் மேலாளர்,
பரிசு கொடுக்கிறவர் குரலில்.
இஷ்டம்.
அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போய்
அலமாரியைத் திறந்தேன்.
சாவுக்குப் போகிற கறுப்பு ஒன்று,
கல்யாணத்துக்குப் போகிற பச்சை ஒன்று.
இரண்டுக்கும் நடுவே வெறும் ஹேங்கர்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

முதல் வாரம் மகள் சொன்னபடி
ரோஜா நிறக் கம்பளிச் சட்டை.
பக்கத்து நாற்காலி ஐனார்ஸ் ஏற இறங்கப் பார்த்து
"யாருக்குப் பிறந்தநாள்?" என்றான்.
இரண்டாம் வாரம் பத்திரிகை சொன்னபடி:
ஐம்பதை நெருங்கும் பெண்கள்
தவிர்க்க வேண்டியவை பதினொன்று.
பதினொன்றையும் தவிர்த்தேன்.
மிஞ்சியது ஒரு கூடாரம்.
அதிலிருந்து தலையை மட்டும் நீட்டியபடி
எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய துணிக்கடை.
புதன்கிழமை புதுச் சரக்கு இறங்கும்.
நாளுக்கு நாள் விலை சரிந்து
செவ்வாயன்று எதை எடுத்தாலும் ஒரு யூரோ.
நான் செவ்வாய்க்காரி.
என் வாழ்க்கையில் எந்தத் தவறும்
இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில்லை.
கட்டம் போட்டது, தவறு.
தோளில் பஞ்சு வைத்தது, தவறு.
லேஸ் வைத்தது பெரும் தவறு;
அது இப்போது சமையலறை ஜன்னலில் தொங்குகிறது,
அங்கே அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்
ஆண்கள் பகுதியில் கை தானாக நின்றது.
கார்டுராய் கோட்டு.
கருகுவதற்குச் சற்று முன்
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் நிறம்.

பழுப்பு உனக்கு ஆகாது என்று
பதினாறு வயதில் அம்மா சொல்லியிருந்தாள்.
ஏன் என்று அவளும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.
முப்பத்து மூன்று வருடம் ஒரு நிறத்தோடு
பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறேன்.
காய்க்கு வராத நிறம் அது.

பக்கத்துக்கு ஒன்றாய் ஆழமான பைகள்.
கை உள்ளே போனதும்
தோள் இறங்கியது.
டிராமில் சாவியும் பெப்பர்மின்ட்டும் வைத்திருந்த
அதே உயரம், அதே ஆழம்.
அப்படியானால் அந்தக் கருநீலத்திலும்
எனக்கென்று ஓர் இடம் இருந்திருக்கிறது.

கை நீளம்.
மூன்று மடிப்பு மடித்தேன்,
மீன் கழுவப் போகிறவள்.
ஒரே மடிப்பு,
இரவல் வாங்கியவள்.
இரண்டு.
மணிக்கட்டு எலும்பு மட்டும் வெளியே.
கடைக்காரப் பெண் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு
"ம்" என்றாள்.

பிறகு வாங்கியது கொஞ்சம், கழித்தது நிறைய.
ரோஜாவை மகள் எடுத்துக்கொண்டாள்.
கூடாரத்தைக் கிழித்துத் தரை துடைத்தேன்,
நல்ல துணி, உறிஞ்சுகிறது.

போன வியாழன், மழை.
வேலைக்குப் புதிதாய் வந்த ஓட்டுநர்ப் பையன்
வானொலியில் கேட்டான்:
"பணிமனைச் சாவி யாரிடம்?"
"இங்குனாவிடம். கீழே கொண்டு வருவாள்" என்றான் ஐனார்ஸ்.
"எப்படி இருப்பார்?"
ஐனார்ஸ் என் பக்கம் திரும்பாமல் யோசித்தான்.
நான் காத்திருந்தேன்
நரை வரும் என்று,
மூக்குக் கண்ணாடி வரும் என்று,
குண்டு என்பான் என்று.

"பழுப்பாக வருவாள்.
கோட்டுக் கை இரண்டு மடிப்பு.
பார்த்தால் தெரியும்."

வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரம்.
நாற்பது கருநீலங்கள்
குடை விரித்தும் மடக்கியும் நெருக்கியடித்தன.
பையன் ஒரு நொடிகூடத் தேடவில்லை,
நேரே வந்து கை நீட்டினான்.

சாவியைக் கொடுத்தேன்.
பெப்பர்மின்ட் ஒன்றும்.